தங்கியவர் எத்தனை? – 6: மெட்ராஸுக்கு வந்த ரொட்டிக்காரர்

(சென்ற வாரம்: 1853 ஏப்ரல் இறுதி. சான் பிரான்சிஸ்கோவில் ‘மான்சூன்’ என்ற கப்பலில் ஏறிய, அமெரிக்காவின் மார்மன் சபையைச் சேர்ந்த 13 ஊழியர்கள், மூன்று மாதக் கடல் பயணத்தை முடித்துக் கல்கத்தாவில் இறங்கினார்கள். ஏற்கெனவே அங்கே ஒரு சபை இருக்கிறது, நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள் அவர்கள். ஊருக்குள் விசாரித்தபோது கிடைத்த பதில் அவர்களைத் திகைக்க வைத்தது...)

களம்பூரில், ஆரணி ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நெசவு வீடு. ரயில் நிலையத்துக்குப் பெயர் ஆரணி. அது நிற்கிற மண் களம்பூர். வெளியே அரிசி ஆலையின் உமி வாசம். உள்ளே தறிக்குழியை ஒட்டி அமர்ந்து ஓர் அம்மா பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் தறியை அப்படியே வைத்துவிட்டு, பழைய பாவின் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளைச் சேர்க்க வேண்டும். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று எடுத்து ஒரே முறுக்கு. இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். பகல் முழுவதும் உட்கார வேண்டும்.

“ஒரு இழை விட்டுப்போனா என்னம்மா ஆகும்?” என்று கேட்டேன்.

“அது மட்டும் போவாது தம்பி. பக்கத்து இழையும் தொவண்டுடும். பொடவ முழுக்கக் கோடு வுழும். பாவு புதுசா இருந்தா மட்டும் போதுமா? பழசோட பிடிச்சாத்தான் அது ஓடும்.”

ஆறு வாரங்களாக இந்தத் தொடரில் நான் சொல்ல முயன்றுகொண்டிருப்பதை அவர் ஐந்தே வாக்கியங்களில் சொல்லிவிட்டார். இனி கல்கத்தாவுக்குப் போவோம்.

காணாமல் போன குடியானவர்கள்

1851-இல் ஜோசப் ரிச்சர்ட்ஸ் என்ற ஊழியர் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தார். சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கப்பலும் பட்டாளமும் வணிகமுமாக ஊர் ஊராக அலைந்தவர்கள் அவர்கள். அதனால் தங்கள் சிறு கூட்டத்துக்கு ‘நாடோடிகளின் கிளை’ என்று பொருள்படும் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் வில்லியம் வில்லஸ் வந்து சேர்ந்தார். அடுத்த சில மாதங்களில் ஓர் அதிசயம் நடந்தது. வங்காளத்துக் குடியானவர்கள், அன்று ‘ரயத்துகள்’ என்று அழைக்கப்பட்டவர்கள், கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. ‘இந்தியாவில் கதவு திறந்துவிட்டது’ என்று கடிதங்கள் பறந்தன.

அந்தக் கடிதங்கள் ஏற்றிவைத்த நம்பிக்கையோடுதான் பதின்மூவரும் கரையேறினார்கள். ஆனால் கல்கத்தாவில் அவர்கள் கண்ட சபையோரைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோர் போய்விட்டிருந்தார்கள். பொருளுதவியை எதிர்பார்த்து வந்தவர்கள், அது கிடைக்காது என்றதும் விலகிவிட்டார்கள் என்று ஊழியர்கள் தரப்பில் காரணம் சொல்லப்பட்டது.

அதில் உண்மை இருக்கலாம். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தக் குடியானவர்களின் மொழியில் ஞாயிறுதோறும் பேச அங்கே யார் இருந்தார்கள்? ஞானஸ்நானம் கொடுத்த வில்லஸ், வட இந்தியாவை நோக்கிப் பிரசங்கப் பயணம் புறப்பட்டுவிட்டார். சேர்ந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. சாவு விழுந்தால் புதைக்க இடம் இல்லை. பழைய உறவு கதவைச் சாத்திக்கொண்டது. புது உறவு இன்னும் வீடே கட்டவில்லை. நடுத்தெருவில் எத்தனை நாள் நிற்க முடியும்?

பதின்மூவரும் கூடிப் பேசினார்கள். நால்வர் சயாம் நாட்டை நோக்கிப் போக வேண்டியவர்கள். இந்தியாவுக்கென்று வந்த மற்ற ஒன்பது பேர் பிரிந்துகொண்டார்கள். அவர்களில் மூவர் தெற்கே கப்பல் ஏறினார்கள்: ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ். 1853 ஜூலை இறுதியில் மெட்ராஸ் கடற்கரை அவர்கள் கண்ணில் பட்டது.

அவர்கள் வந்து இறங்கும் முன்பே ஒரு செய்தி இந்தியாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. அது அவர்களுக்கு எதிரான செய்தி.

கோட்டைக்கு வெளியே ஒரு குரல்

பாலன்டைன் யார்? 1817-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ரொட்டி சுடும் தொழில் பழகியவர். 1842-இல் மார்மன் சபையில் சேர்ந்து, மறு ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். சால்ட் லேக் சிட்டியில் வீடு கட்டிக்கொண்டதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, 1849 டிசம்பரில் அந்த வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து ஞாயிறு பள்ளி நடத்தியது. மார்மன் சபையின் இன்றைய ஞாயிறு பள்ளி அமைப்பு தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்வது அந்த வகுப்பைத்தான். பிள்ளைகள் நிலைத்தால்தான் சபை நிலைக்கும் என்று புரிந்து வைத்திருந்த மனிதர் அவர்.

1852 ஆகஸ்ட் 28, 29 தேதிகளில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு சிறப்பு மாநாடு கூடியது. நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. உலகத்தின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் அவர்கள் போக வேண்டும். பாலன்டைனுக்கு விழுந்தது இந்தியா. மனைவி மக்களை விட்டுவிட்டு, பையில் பணமில்லாமல் புறப்பட வேண்டும். அதுதான் அவர்கள் முறை. அதே மாநாட்டின் இரண்டாம் நாளில் இன்னொன்றும் நடந்தது. பலதார மணம் தங்கள் சபையின் கொள்கை என்று முதன்முறையாக உலகறிய அறிவித்தார்கள்.

அந்த அறிவிப்புதான் ஊழியர்களை முந்திக்கொண்டு கடல் தாண்டியது. பாலன்டைன் மெட்ராஸில் வாய் திறந்தபோது, அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி வேதத்தைப் பற்றியதாக இல்லை. ‘உங்கள் ஊரில் ஒருவருக்கு எத்தனை மனைவி?’ என்பதாகவே இருந்தது. ஆங்கிலத் திருச்சபைப் போதகர் ஒருவர் ‘மார்மனிசம் என்றால் என்ன?’ என்று கேட்டுத் துண்டுப் பிரசுரம் அச்சிட்டார். பாலன்டைன் மறுப்பு அச்சிட்டார். பலதார மணம் பற்றி இருவர் உரையாடுவதுபோல ஒரு பிரசுரம் எழுதினார். 1854-இல் மாத இதழ் ஒன்றையும் மெட்ராஸிலேயே அச்சடித்தார்.

அச்சுக்கூடம் ஓயவில்லை. ஆனால் அந்தத் தாள்கள் யார் கைக்குப் போயின என்று பாருங்கள். ஆங்கிலச் சிப்பாய், கம்பெனிக் குமாஸ்தா, ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பட்டாளத்துச் சிப்பாய் அடுத்த உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டும். குமாஸ்தாவுக்கு மேலதிகாரியின் முகம் மாறினால் வேலை போய்விடும். அந்த மாதங்களில் பாலன்டைன் பேசியதும் எழுதியதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆங்கிலம் அறிந்தவர்களிடம். சுற்றிலும் தமிழும் தெலுங்கும் பேசிய பெருநகரம் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றது.

ஓராண்டு உழைத்தார். வெயில் உடம்பை வாட்டியது. மெட்ராஸில் சேர்ந்தவர்கள் மொத்தம் ஒரு டஜன் பேர் அளவில்தான். 1854-இன் நடுவில் உடல்நலம் குன்றிய நிலையில் பாலன்டைன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஸ்கெல்டன் தொடர்ந்து தங்கினார், 1856-இல் அவரும் இந்தியாவை விட்டுப் போனார். புறப்பட்டவர்களில் கடைசி ஆள் அவர்தான். அடுத்த ஆண்டே வடக்கே சிப்பாய்ப் புரட்சி வெடித்தது.

கதை இத்துடன் முடிந்தால், ‘வெளிநாட்டார் வந்தார்கள், இந்த மண் ஏற்கவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதே 1853-ஆம் ஆண்டு, அதே அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு குடும்பம், மெட்ராஸுக்கு மேற்கே பாலாற்றங்கரையில் வேறொரு காரியத்தைத் தொடங்கியது. அதன் தடம் நம் ஆரணி வரைக்கும் வந்தது.

பண்டத்தரிப்பில் பிறந்தவர்

ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர் பிறந்தது அமெரிக்காவில் இல்லை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில், 1822-இல். தந்தை ஜான் ஸ்கட்டர் அங்கே மருத்துவ ஊழியர். பிள்ளைக்குத் தமிழ், மண்ணில் விளையாடிக் கற்ற மொழி. அவர் ஆற்காட்டுப் பகுதிக்கு வந்து மருந்துச்சாலை திறந்தார். தம்பிகள் வில்லியமும் ஜோசப்பும் சேர்ந்துகொண்டார்கள். 1853-இல் ‘அமெரிக்கன் ஆற்காடு மிஷன்’ அமைப்பாக உருவெடுத்தது. வேலூர், சித்தூர், ஆரணி ஆகியவை அதன் தொடக்க கால நிலையங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆற்காடு மிஷனும் முதல் ஆண்டுகளில் பெரிதாக வளரவில்லை. சந்தைகளில் தமிழில் பேசினார்கள், ஊர் ஊராக நடந்தார்கள், மருந்து கொடுத்தார்கள். சேர்ந்தவர்கள் சிலரே. மார்மன் ஊழியர்களைப்போல அவர்களும் சில ஆண்டுகளிலேயே மூட்டை கட்டியிருந்தால், இன்று அவர்களைப் பற்றியும் யாரும் பேசமாட்டார்கள்.

அவர்கள் நின்றார்கள். 1861 வாக்கில் நிலைமை மாறியது. தனியாட்களாக வந்துகொண்டிருந்த இடத்தில், சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கேட்டு வந்தார்கள். அப்போது ஆற்காடு மிஷன் வகுத்த முறை கவனிக்கத்தக்கது. ஓர் ஊரிலிருந்து சில குடும்பங்களாவது சேர்ந்து கேட்க வேண்டும். விக்கிரக வழிபாட்டை விடுவது, ஞாயிறைக் கடைப்பிடிப்பது, செத்த மாட்டின் இறைச்சியைத் தவிர்ப்பது என்று உடன்படிக்கை செய்ய வேண்டும். ஏற்றுக்கொண்ட ஊரில் மிஷன் ஓர் உபதேசியாரைக் குடியமர்த்தும். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, மாலையில் பெரியவர்களுக்கு ஜெபம், நடுராத்திரியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கதவைத் தட்டவும் அவரே.

உபதேசியார் வீடு என்பது இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பழையவர்களுக்கு நன்றாகத் தெரியும். மண்சுவர், ஓலைக்கூரை, திண்ணையில் கரும்பலகை. ஒருவர் சபைக்கு இரண்டு ஞாயிறு வராவிட்டால் மூன்றாம் ஞாயிறுக்கு முன் அவர் வீட்டு வாசலில் உபதேசியார் நிற்பார். பெண் கொடுக்க, பெண் எடுக்கப் பக்கத்து ஊர்ச் சபையில் சம்பந்தம் பேசுவதும் அவர் வேலைதான். அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு. பையனுக்குக் கைத்தொழில் வேண்டுமென்றால் ஆரணியில் தொழிற்பள்ளி தொடங்கினார்கள்; அது பின்னர் காட்பாடிக்குப் பெயர்ந்தது.

இங்கேயும் இழைகள் அறுந்தன. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் திரண்டு வந்தவர்களில், மழை பெய்ததும் திரும்பிப் போனவர்களும் உண்டு. ‘பின்மாற்றக்காரர்’ என்று சபைப் பேச்சில் அவர்களைச் சொல்வார்கள். ஆனால் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். ஆற்காடு மிஷனின் சபைகள் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. அதே ஸ்கட்டர் குடும்பத்தில், 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டர், 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. களம்பூரில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் இன்றும் காட்பாடி ரயிலில் ஏறி அங்கேதான் போகிறோம்.

ஒரே ஆண்டு. ஒரே மாகாணம். இரண்டு தரப்பிலும் நம்பிக்கைக்கோ தியாகத்துக்கோ குறைவில்லை. அப்படியானால் மெட்ராஸில் சேர்ந்த அந்த ஒரு டஜன் பேரும், கல்கத்தாவில் உறுதியாக நின்ற சில குடும்பங்களும் எங்கே போனார்கள்? அவர்கள் வழியாகவாவது சபை இங்கே வேர் பிடித்திருக்க வேண்டாமா?

போனவர்கள் தோற்றவர்கள் அல்லர்

அன்றைய மார்மன் போதனையில் ‘ஒன்றுகூடுதல்’ என்று ஒரு கட்டளை இருந்தது. உலகில் எங்கே விசுவாசி ஆனாலும், சொந்த ஊரை விட்டுப் புறப்பட்டு, சால்ட் லேக் சிட்டி இருக்கும் யூட்டாவுக்கு வந்துசேர வேண்டும். எனவே எவர் நம்பிக்கை மிக உறுதியாக இருந்ததோ, அவர்தான் முதலில் கப்பல் ஏறினார்.

கல்கத்தாவில் மேத்யூ மெக்கூன் என்ற பீரங்கிப் படைக்காரர் இருந்தார். தொடக்கத்திலேயே சேர்ந்து, கடைசிவரை நின்றவர். அவரும் குடும்பத்தோடு யூட்டாவுக்குப் போய்விட்டார். 1849-இல் கல்கத்தாவில் பிறந்த அவர் மகன் ஆல்ஃபிரட் மெக்கூன் பின்னாளில் ரயில் பாதையிலும் சுரங்கத்திலும் பெரும் செல்வம் சேர்த்தார். அவர் கட்டிய மாளிகை சால்ட் லேக் சிட்டியில் இன்றும் நிற்கிறது. அந்த மாளிகை கல்கத்தாவில் நின்றிருந்தால் இந்தத் தொடரின் கதையே வேறாகியிருக்கும்.

பாலன்டைனும் தோற்றுத் திரும்பவில்லை. இங்கிலாந்து வழியாக 1855-இல் அமெரிக்கா போய், குடியேறிகள் 400 பேர் அளவில் இருந்த மாட்டுவண்டிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிச் சமவெளியைக் கடந்து, செப்டம்பரில் வீடு சேர்ந்தார். மூன்றாண்டு கழித்துத் தன் பிள்ளைகளைப் பார்த்தார்.

நம்பாதவன் விலகினான், நம்பியவன் புறப்பட்டான். இரண்டு வழியிலும் இந்த மண்ணில் சபை காலியானது. 1884-இல், முதுமையில், வில்லஸ் மீண்டும் ஒருமுறை கல்கத்தாவுக்கு வந்து பார்த்தார். அந்த முயற்சியும் நிலைக்கவில்லை.

பிறகு யூட்டாத் தலைமை அந்தக் கட்டளையை மெல்லத் தளர்த்தி, ‘இருக்கும் நாட்டிலேயே சபையைக் கட்டுங்கள்’ என்று சொல்லத் தொடங்கியது. அத்துடன் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அதே கல்கத்தாக் கதை, நூறு மடங்கு பெரிதாக, தென் அமெரிக்காவில் அரங்கேறியது.

சிலியில் ஒரு கணக்கெடுப்பு

1830-இல் ஆறு பேரோடு பதிவானது மார்மன் சபை. 1980-களில் உலகத்தில் மிக வேகமாக வளரும் சபைகளில் ஒன்று. ராட்னி ஸ்டார்க் என்ற சமூகவியலாளர் 1984-இல் ஒரு கணக்குப் போட்டார்: இதே வேகம் நீடித்தால் 2080-இல் மார்மன்கள் 26 கோடியே 50 லட்சம் பேர் இருப்பார்கள், ஒரு புதிய உலக மதம் நம் கண்முன் பிறக்கிறது. அந்தக் கணக்கு உலகெங்கும் பேசப்பட்டது. 1990-இல் ஒரே ஆண்டில் 3,30,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

2002-இல் சிலி நாட்டு அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியது. ‘உங்கள் மதம் என்ன?’ என்று 15 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கேட்டது. மார்மன் என்று சொன்னவர்கள் சுமார் 1,04,000 பேர். சபைப் பதிவேட்டிலோ 5,20,000-க்கு மேல் பெயர்கள் இருந்தன. பிள்ளைகளைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் பள்ளம் பெரிது. பிரேசிலில் 2010 கணக்கெடுப்பில் சுமார் 2,26,000 பேர். சபை சொன்னது 11 லட்சம்.

இதில் பொய்க் கணக்கு எதுவுமில்லை. பதிவேட்டில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் உண்மையான ஒரு மனிதர், உண்மையான ஒரு ஞானஸ்நான நாள் இருந்தது. தானே எழுதிக் கேட்டாலோ சபை நீக்கினாலோ ஒழிய, அந்தப் பெயர் அப்படியே இருக்கும். இருப்பிடம் தெரியாமல் போனவர் பெயர்கூட அவருக்கு 110 வயது ஆகும்வரை பதிவேட்டில் நிற்கும். பெயர் இருந்தது, ஆள் இல்லை.

எப்படி நடந்தது? இளம் ஊழியர்கள் இரண்டாண்டு வேலைக்கு வருவார்கள். சில வாரச் சந்திப்பில் ஒருவருக்கு ஞானஸ்நானம் நடக்கும். அந்த இளைஞர்கள் வேறு ஊருக்கு மாற்றப்படுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர் அடுத்த ஞாயிறு சபைக்குப் போனால், தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. அவரைப்போலவே நேற்றுச் சேர்ந்தவர்தான் அங்கே தலைவராக நின்று திணறிக்கொண்டிருப்பார். பழைய பாவு இல்லாத தறியில் புதுப் பாவை எதோடு பிணைப்பது?

சபைத் தலைமை இதை அறியாமல் இல்லை. அன்றைய தலைவர் கார்டன் ஹிங்க்லி 1997 ஏப்ரல் மாநாட்டில் வெளிப்படையாகவே பேசினார். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் மூன்று தேவை என்றார்: ஒரு நண்பர், ஒரு பொறுப்பு, வேத வசனத்தால் ஊட்டம். 2002-இல் ஜெஃப்ரி ஹாலண்ட் என்ற அப்போஸ்தலர் சிலிக்கே குடிபெயர்ந்து இரண்டாண்டு தங்கினார். டாலின் ஓக்ஸ் என்ற இன்னோர் அப்போஸ்தலர் பிலிப்பைன்ஸுக்குப் போனார். பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தை அவர்கள் தமிழில் ‘பிணையம்’ என்கிறார்கள். சிலியில் ஆளில்லாத பிணையங்கள் பல கலைக்கப்பட்டு ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. எண்ணிக்கையில் அது இறக்கம். ஆனால் நேர்மையான இறக்கம். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

இன்னொரு பாடம் 2012-இல் வந்தது. ஊழியத்துக்குப் போகும் வயதை ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 19 என்று குறைத்தார்கள். இரண்டே ஆண்டில் ஊழியர் எண்ணிக்கை சுமார் 59,000-லிருந்து 85,000 ஆக உயர்ந்தது. சேர்ந்தவர் எண்ணிக்கையோ 2,72,000-லிருந்து 2,97,000 வரைதான் போனது. ஆள் கூடினால் அறுவடை அதே அளவு கூடும் என்ற கணக்கு பொய்த்தது. பெருந்தொற்று ஆண்டான 2020-இல் சேர்ந்தவர் எண்ணிக்கை 1,26,000 ஆகச் சரிந்தது. 2024-இல் மீண்டும் 3,08,000 வரை ஏறியது. அந்த ஆண்டு இறுதியில் உலகம் முழுவதும் பதிவேட்டில் இருந்தவர்கள் 1 கோடியே 75 லட்சம் பேர். 1980-களில் பிறந்த 26 கோடிக் கனவு எங்கோ தொலைவில் நிற்கிறது.

இதை ஒரு சபையின் குறையாக மட்டும் நான் எழுதவில்லை. நம் ஊரில் கட்சியில் உறுப்பினர் சேர்க்கிறோம். கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளரைச் சேர்க்கிறோம். பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிறோம். சேர்த்த நாளில் எண்ணுகிறோம், படம் எடுக்கிறோம். மூன்றாம் ஆண்டில் அவர் எங்கே என்று யார் எண்ணுகிறோம்? ஒரு மனிதர் தன் உறவையும் பழக்கத்தையும் விட்டுவிட்டு நம்மை நம்பி வாசலுக்கு வருகிறார் என்றால், அவரைக் கைவிடுவது அவரைச் சேர்க்காமல் விடுவதைவிடக் கொடிது. திரும்பிப் போக அவருக்குப் பழைய வீடும் இருக்காது.

சரி, தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். 1856-இல் ஸ்கெல்டன் போனபின் இந்த மண்ணில் அந்தச் சபையின் பேச்சு அடங்கிவிட்டது. ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை.

பழைய புத்தகத்துக்குள் ஒரு தாள்

1954. கோயம்புத்தூர். பால் திருத்துவதாஸ் என்பவர் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் அகப்படுகிறது. பழைய புத்தகம் ஒன்றின் பக்கங்களுக்கு இடையில் இருந்த தாள் அது. மார்மன் என்பவர் யார் என்று விளக்கும் சிறு பிரசுரம்; எழுதியவர் ரிச்சர்ட் எவன்ஸ்.

பாலன்டைன் மெட்ராஸில் அச்சடித்துக் கொடுத்த தாள்களை மக்கள் வாங்கிப் படித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நூறு ஆண்டு கழித்து, யாரும் கொண்டுவந்து கொடுக்காத ஒரு தாளைத் தமிழர் ஒருவர் எடுத்துப் படித்தார். படித்ததோடு நிற்கவில்லை. சபைக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. பதிலும் வந்தது. ஆனால் பால் திருத்துவதாஸ் ஞானஸ்நானம் பெற்ற ஆண்டு 1965. வங்காளத்துக் குடியானவர்களைச் சில மாதங்களில் சேர்த்துக்கொண்ட ஒரு சபை, தானாகத் தேடி வந்த கோயம்புத்தூர்க்காரரின் கதையில் ஏன் 11 ஆண்டுகளை எடுத்துக்கொண்டது? அந்தக் காத்திருப்பு அவரை உடைத்ததா, உறுதியாக்கியதா?

களம்பூர் அம்மா பாவு பிணைத்து முடிக்கும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. எழுந்துபோகும் முன் பிணைத்த இழைகளை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். ஒன்று நழுவியிருந்தது. மீண்டும் உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டு, அந்த ஓர் இழையை முறுக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

(தொடரும்)